கம்பளிக் கொழுப்பும் ஆமணக்கெண்ணெயும்

எண்பதை நெருங்குகிறவனுக்கு வாரத்தில் ஒரு நாளாவது மருந்துக் கடைக்குப் போகாவிட்டால் எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும். சென்ற மாதம் சிட்னியில், வெஸ்ட்மீட்டில், அப்படி ஒரு கடையில் நின்றேன். இரண்டு குதிக்காலிலும் பித்தவெடிப்பு. மருந்து தருகிற பெண் சென்னைக்காரி, கெட்டிக்காரி. "அங்கிள், இத நைட்டு தடவிட்டு சாக்ஸ் போட்டுக்கோங்க. ஒரே வாரத்துல வெடிப்பு போயிடும்" என்று ஒரு குழாயைக் கையில் தந்தாள். ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் கழித்தவனுக்கு எதையும் மணந்து பார்க்காமல் வாங்கத் தெரியாது. மூடியைத் திருகி மூக்கருகே பிடித்தேன். மழையில் நனைந்த செம்மறியாட்டு மணம். அந்தப் பெண் மேலும் ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. வெடிப்பு போய்விடும் என்கிறாள். எனக்கு அந்த மணம் வந்தால் அதன் பின்னால் வெடிதான் வரும். அவளுக்கு அது எப்படித் தெரியும்?

அந்த மணத்தின் பெயர் லனோலின். ஆட்டு ரோமத்தில் ஊறுகிற மெழுகு. கம்பளியைக் கழுவும்போது பிரித்தெடுப்பார்கள். எழுபதுகளின் பிற்பாதியில், பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் நான் வேலை செய்தபோது, இரும்பு துருப்பிடிக்காமல் பூசும் பூச்சுக்காக அது பெரிய தகர வாளிகளில் வரும். என்னோடு வேலை பார்த்த கீத் என்ற வெள்ளைக்காரர் வெள்ளிக்கிழமை தோறும் அதில் ஒரு கரண்டி வழித்து ஜாம் போத்தலில் போட்டுக்கொண்டு போவார். நான் புதிது. இலங்கை அரசாங்க உத்தியோகத்தில் ஊறியவன். "இதற்குப் படிவம் எழுதினீர்களா?" என்று கேட்டேன். கீத் என்னை மேலும் கீழும் பார்த்தார். திங்கட்கிழமை வரைக்கும் சிரித்தார் என்று நினைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை என்னைத் துவக்கு, அதாவது துப்பாக்கி, சுடுகிற மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கரண்டிக் கொழுப்பு எதற்கு என்று காட்டினார்.

நான் சைவன். முட்டையும் தின்னாதவன். இன்றுவரை கடதாசி இலக்கைத் தவிர எதையும் சுட்டதில்லை. ஆனால் ஒழுங்கு, அளவு, குறிப்பேடு மூன்றும் தேவைப்படுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது என்று தெரிந்த பிறகு என்னைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியவில்லை. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல் மறுபடி நிரப்பலாம். ஆனால் வெடித்த வேகத்தில் கூடு ஊதியிருக்கும். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர ஓர் உருக்கு அச்சுக்குள் நெம்புகோலால் அழுத்தி இழுக்க வேண்டும். எண்ணெய் பூசாமல் அழுத்தினால் பித்தளை உருக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருநாளும் விடாது. அதிகம் பூசினால் கூட்டின் தோளில் குழி விழும். நெற்றியில் திருநீறு பூசுகிற மாதிரிப் பூச வேண்டும்: பூசியது தெரியவேண்டும், அப்பிக்கிடக்கக் கூடாது.

எந்த எண்ணெய் என்பதில்தான் என் மானம் போனது. கீத்தின் ஆட்டுக்கொழுப்பைக் குளியலறை அலுமாரியில் வைக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய் வீட்டில் இருக்கும்போது வேறு எதற்கு என்று அதையே பூசினேன். யாழ்ப்பாணத்தவன் எண்ணெய் என்றால் முதலில் எதை நினைப்பான்? அது ஜூலை மாதம், இங்கே குளிர்காலம். கராஜுக்குள் வாயால் விட்ட மூச்சு புகையாகத் தெரிகிற குளிர். போத்தலிலேயே பாதி உறைந்திருந்த எண்ணெயை விரலால் தேய்த்து, பட்டும் படாமலும் பூசி, நாலாவது கூட்டை அழுத்தினேன். அச்சுக்குள் இறுகியது இறுகியதுதான். அதைத் துளைபோட்டு இழுத்தெடுக்கக் கீத்துக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. "ஹெயார் ஓயிலா, மேட்?" என்று தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு வருடத்துக்கு என் பெயர் அதுதான்.

அவமானப்பட்ட படித்தவன் ஆபத்தானவன். அன்றிரவே குறிப்பேடு திறந்தேன். லனோலினையும் ஆமணக்கெண்ணெயையும் வெவ்வேறு அளவில் கலந்து, சூடாக்கி, ஆறவைத்து, எண் போட்டு ஜாம் போத்தல்களில் அடுக்கினேன். கொழும்புக் கந்தோரில் றப்பர் முத்திரை குத்துவதற்கு மைத்தட்டு வைத்திருப்போமே, அப்படி ஒரு தட்டு வாங்கி, மைக்குப் பதிலாக என் கலவையை ஊறவிட்டு, கூடுகளை அதன்மேல் உருட்டினேன். ஒருகாலத்தில் காணி உறுதிப் பத்திரங்களில் முத்திரை குத்திய கை. குசினியில் மனைவியின் குரல் இன்னும் கேட்கிறது: "ஐயோ, என்ரை பால்ச்சட்டிக்குள்ளை என்னத்தைக் காய்ச்சுறியள்? வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆட்டு மணம்!" பிறகு ஆமணக்கெண்ணெய்ப் போத்தலைக் கண்டுவிட்டு, "ஆருக்குப் பேதிக்குக் குடுக்கப் போறியள்?" என்றாள். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் அந்த எண்ணெய்க்கு வேறு வேலை கிடையாது. ஒன்பதாவது கலவை நன்றாக வந்தது. கீத் விரலில் தொட்டுப் பார்த்தார், சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் கிடைத்த பட்டங்களில் நான் மிகவும் பெருமைப்பட்டது அதற்குத்தான்.

பேரின்பம் இந்தப் பெருமையின் நடுவில் வந்து சேர்ந்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் பக்கத்து அறைக்காரன், என் வயது. சிட்னியில் ரயில்வேயில் படம் வரைகிற வேலை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவனும் மனைவி லோகாவும் வாடகைக்கு இருந்தார்கள், பிள்ளைகள் இல்லை. முதல் நாள் கராஜுக்குள் தலையை நீட்டி, "என்ன மச்சான், ஆட்டிறைச்சிக் கடை வைச்சிருக்கிறியோ?" என்று கேட்டவன் அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அவனுக்குச் சுடுவதில் ஆசையில்லை. மைதானத்துக்கு ஒருமுறை கூப்பிட்டேன். "எனக்கேன் உந்தச் சத்தம்" என்றான். ஆனால் ஒரு முக்காலியைப் போட்டு இருந்துகொண்டு என் கையையே பார்ப்பான். இரண்டாவது மாதம் பென்சிலும் அளவுகோலும் கொண்டுவந்தான். என் அழுத்தும் கருவியை ஒவ்வொரு பாகமாக அளந்து, முன்பக்கம், பக்கவாட்டு, வெட்டுமுகம் என்று வரைந்தான். அழகான கோடுகள். எனக்குப் புல்லரித்தது. என் கராஜை ஒருவன் படமாக வரைகிறான் என்றால் சும்மாவா?

அந்த வருடம்தான் இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம். எங்கள் எல்லோருடைய வீட்டுக்கும் நீலநிற விமானக் கடிதங்கள் வந்தன. எல்லோரும் கூடிக் கதைத்தோம், கோபப்பட்டோம், தேத்தண்ணீர் குடித்தோம். பேரின்பத்தின் தம்பி எழுதிய கடிதத்தை மட்டும் அவன் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அதற்குப் பிறகு அவன் கேள்விகள் மாறின.

"மச்சான், உந்தக் கம்பளிக் கொழுப்பு அங்க கிடைக்குமோ?"

"அங்க ஏன் உனக்கு?"

"வவுனியாவிலை மாமாவின்ரை வயல். பண்டி வந்து அழிக்குதாம்."

நான் எல்லா நடைமுறையும் தெரிந்தவன். எங்கள் பக்கத்தில் காட்டுப்பன்றிக்கு அரசாங்கம் அனுமதி தருவது சிறு ஈயச் சன்னங்கள் போட்டுச் சுடுகிற துவக்குக்கு என்று தெரியும். அதன் தோட்டாவுக்கு அந்தக் காலத்தில் கடதாசிக் கூடு. எண்ணெயும் வேண்டாம், உருக்கு அச்சும் வேண்டாம். எண்ணெய் பூச வேண்டியது பித்தளைக் கூட்டுக்கு. பித்தளைக் கூடு போடுகிற துவக்கு எங்கள் ஊரில் பொலிஸிடமும் இராணுவத்திடமும், அவர்களிடமிருந்து பறிக்கத் தொடங்கிய இளைஞர்களிடமும்தான் இருந்தது. இவ்வளவும் அந்தக் கணத்திலேயே என் தலைக்குள் வரிசையாக ஓடியது. நான் சொன்னது: "விசாரிச்சுப் பாக்கவேணும்."

இரண்டு நாள் கழித்து, வேலைக்குப் போகிற வழியில், பரமட்டா ரயில் மேடையில் லோகா என்னைப் பிடித்தார். ஆஸ்பத்திரித் தாதி, இரவு வேலை முடித்துச் சீருடையோடு நின்றார்.

"அண்ணை, அவர் பாஸ்போட்டை மேசை லாச்சிக்குள்ள இருந்து எடுத்திட்டார். எங்க வைச்சிருக்கிறார் எண்டு சொல்லுறாரில்லை."

"ஊருக்குப் போய்ப் பாத்திட்டு வரப்போறானாக்கும்."

"பாத்திட்டு வாறவர் கீறின படமெல்லாத்தையும் ஏன் கோட்டுக்குள்ளை வைச்சுத் தைப்பிக்கிறார்? நான்தான் தைச்சுக் குடுத்தனான்."

ரயில் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

"அவருக்கு அங்க போய்ச் செய்யிறதுக்கு வேறை ஒண்டும் தெரியாது அண்ணை. துவக்கும் பிடிக்கத் தெரியாது. உந்த ஒண்டைத்தான் காவிக்கொண்டு போறார். வெறுங்கையோடை போக வெக்கப்படுவார். நீங்கள் சொன்னாத்தான் கேப்பார். அந்த எண்ணெய் இல்லாமல் அங்க சரிவராது, ஏலாது எண்டு ஒரு சொல் சொல்லிவிடுங்கோ. ஏலாது எண்டால் நிண்டிடுவார்."

"சொல்லுறன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, "ஒரு சொல்லுத்தான் அண்ணை" என்றார். அடுத்த ரயிலில் போனேன். வேலைக்குப் பதினைந்து நிமிடம் பிந்தினேன். அதற்கு ஒரு விளக்கக் குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். நான் அப்படிப்பட்டவன்.

சனிக்கிழமை பேரின்பம் வந்தான். அன்றைக்குப் பென்சில் கொண்டுவரவில்லை. முக்காலியில் இருக்கவுமில்லை. தகரக் கூரையில் மழை. ஒன்பதாம் எண் போத்தலைத் திறந்து மணந்துவிட்டு மூடினான்.

"விசாரிச்சனியோ?"

"ஓம். லனோலின் அங்க எடுக்கேலாது."

"அப்ப தேங்காயெண்ணெய்?"

"ஏலாது" என்றேன்.

அவன் தலையைக் குனிந்தான். தோள் இரண்டும் இறங்கின. எனக்கு இன்றைக்கும் அந்தத் தோள்கள் தெரிகின்றன. அது ஏமாற்றமா, சுமை இறங்கிய ஆறுதலா என்று எனக்குத் தெரியாது. "அப்ப சரி" என்று மெல்லச் சொன்னான். மழை பெய்தது. நான் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் இருந்திருந்தால் போதும். அவன் வீட்டுக்குப் போயிருப்பான்.

ஆனால் பாருங்கள், நான் சொன்ன விடை பிழையான விடை. தேங்காயெண்ணெய் எனக்குச் சரிவராமல் போனது சிட்னிக் குளிரால். காரணம் சொல்லாத விடையை நான் பரீட்சையில்கூட எழுதியதில்லை. "ஏலாது எண்டது இஞ்சத்தைக் குளிருக்கு" என்று என் வாய் தொடர்ந்தது. "அங்க அது உறையாது. எண்டாலும் மெல்லிசு, பாரம் தாங்காது. அதைவிட ஆமணக்கெண்ணெய் திறம். தனிய அதுவே காணும், கம்பளிக் கொழுப்புத் தேவையில்லை. நான் செய்து பாத்தனான், அஞ்சாவது கலவை." குறிப்பேட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டியும் காட்டினேன்.

அவன் நிமிர்ந்தான். "ஆமணக்கெண்ணெயோ? அது வீட்டுக்கு வீடு கிடக்குமேடா!" என்றான். சிரித்தான். கலவரத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். என் தோளில் தட்டி, "நீ பெரிய ஆள் மச்சான்" என்று சொல்லிவிட்டு, "போட்டு வாறன்" என்று மழைக்குள் இறங்கினான். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்: சந்தோஷமாக இருந்தது. சரியான விடை சொன்ன சந்தோஷம்.

பத்து நாளில் போய்விட்டான். இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு விமானக் கடிதம் வந்தது. சுகம், மழை, மாமாவின் வயல். கடைசியில் ஒரு வரி: "மச்சான், நீ சொன்ன பேதி மருந்து நல்லாய் வேலை செய்யுது." மனைவி வாசித்துவிட்டு, "பாவம், வயித்தாலையோ?" என்றாள். "ஓம்" என்றேன். அதற்குப் பிறகு அவனிடமிருந்து எனக்கும் லோகாவுக்கும் ஒரு கடிதமும் வரவில்லை. தம்பியாரும் அந்த மாமாவும்கூட எழுதவில்லை. யாரிடம் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வோர் இடத்தைச் சொன்னார்கள். பிறகு கேட்பதற்கே பயந்தார்கள்.

அந்தப் பெயின்ற் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு மாடிக் கட்டடம். கீத் போய்ச் சேர்ந்துவிட்டார். கராஜை இடித்துப் பிள்ளைகளுக்கு அறை கட்டினோம். துவக்குச் சட்டம் இறுகிய காலத்தில் என்னுடையதைப் பொலிஸில் ஒப்படைத்தேன். படிவத்தை நான் நிரப்பிய அழகைப் பார்த்து அந்த இளைஞன் பாராட்டினான். குறிப்பேட்டை நானே எரித்தேன். ஐந்தாம் கலவைப் பக்கத்தைத் தனியாகக் கிழித்து முதலில் எரித்தேன். அதில் என்ன இலாபம் என்று கேட்காதீர்கள்.

லோகா மெல்பேணில் தமக்கையோடு போய் இருந்தார். வேறு கலியாணம் கட்டவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அங்கே ஒரு திருமண மண்டபத்தில், என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அண்ணை, அண்டைக்கு ஸ்ரேசனிலை உங்களிட்டை ஒண்டு கேட்டனான். சொன்னனீங்களோ?"

"சொன்னனான்" என்றேன். "ஏலாது எண்டுதான் சொன்னனான்."

அந்தச் சொல்லை நான் சொன்னது உண்மைதானே.

அவர் கதிரையை என் பக்கம் திருப்பினார். "நான் இவ்வளவு காலமும் உங்களைப் பிழையா நினைச்சுக்கொண்டிருந்தனான். நீங்கள் சொல்லியிருக்கமாட்டியள் எண்டு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. அவர் ஆரின்ரை சொல்லைத்தான் கேட்டவர்?"

"அதுக்கென்ன பிள்ளை" என்றேன். அந்த மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டு பந்திக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அவர் மெல்பேணின் ஓரத்தில் பொயிண்ட் குக் பக்கம் குடிபோனார். மெல்பேணுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் இந்த முறை அவரைக் கண்டு மீதி வாக்கியத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். விமான நிலையத்தில் இறங்கியதும் மனைவி கேட்பாள், "லோகாவை ஒருக்காப் பாத்திட்டு வருவமோ?" என்று. "அது சரியான தூரம்" என்பேன். போன தை மாதம் லோகா காலமானார். இனி எனக்கு மெல்பேணில் தூரமான இடம் எதுவும் இல்லை.