வாசல் முக்காலி

மணேச்சர் அண்ணையின் வீட்டு வாசலில் ஒரு முக்காலி இருந்தது. யூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிப்பேர் வீடு மாறுவார்கள். அப்படி யாரோ தெருவோரத்தில் விட்டுப்போனதை அவர் மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்து, கட்டையாயிருந்த ஒரு காலுக்கு றப்பர் துண்டு அடித்து, சப்பாத்து அடுக்குக்குப் பக்கத்தில் போட்டிருந்தார். பனிக்காலச் சப்பாத்து சும்மா காலை நுழைத்துக்கொண்டு போகிற சாமான் இல்லை. குனிய வேண்டும், காற்சட்டை நுனியை உள்ளே திணிக்க வேண்டும், தெருவுப்புப் பிடித்த சிப் பூட்டை மேலே இழுக்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது பிடிக்கும். அந்த நேரத்தில் எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் வங்கி முறிந்தது அந்த முக்காலியில்தான்.

வங்கி என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த நாற்பது குடும்பங்கள் மாதாமாதம் இயன்றதைப் போட்டு, அவசரக்காரருக்குச் சிறு வட்டிக்குக் கொடுக்கிற ஒரு கூட்டு அது. அகதி வழக்கு முடியாத எங்களுக்கு உண்மையான வங்கி எதுவும் கடன் தரவில்லை. மணேச்சர் அண்ணை ஊரில் கிராமிய வங்கி ஒன்றின் முகாமையாளராக இருந்தவர். இங்கே கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தார். ஆனாலும் மணேச்சர் மணேச்சர்தான். வேலைக்குப் போகும்போதுகூடச் சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. நிலம் துடைக்கிறதுக்குச் சிவப்புப் பேனா எதற்கு என்று அண்ணி பகிடி பண்ணுவா. அவர் சிரிக்கமாட்டார். எங்களுக்கோ அந்த இரண்டு பேனாவும் போதுமாயிருந்தன. யாரும் பற்றுச்சீட்டுக் கேட்டதில்லை. அவராகவே எழுதித் தந்தபோது வாங்கவே கூச்சப்பட்டோம்.

நான் அப்போது தையல் தொழிற்சாலையொன்றில் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அங்கே பொத்தான் தைத்த மன்னார் அக்காவுக்கும் சேர்த்து ஒரு நிலக்கீழ் வீடு. அவ வேதக்காரி, நான் சைவம். சமையல்கட்டில் ஒரு சுவரில் அவவின் மாதா, மறு சுவரில் என் பிள்ளையார். இரண்டு பேரும் எங்கள் சண்டைகளைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு மகள், மன்னாரில் கன்னியர்மடத்து விடுதியில். அவளைக் கூப்பிடத்தான் அக்கா காசு சேர்த்தா. எனக்கு ஒரு தம்பி, கொழும்பில் லொட்ஜ் ஒன்றில். வாரத்துக்கொருமுறை பொலிஸ் வந்து பெடியளை அள்ளிக்கொண்டு போகிற காலம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற முகவர் அவனுக்குப் பயணத்தை ஒழுங்குபடுத்திவிட்டு மிச்சக் காசுக்காகக் காத்திருந்தார். இரண்டு பேருடைய காசும் மணேச்சர் அண்ணையிடம்தான். என்னுடையது ஆயிரத்து எண்ணூறு டொலர்.

அந்த மாரியில் ஒரு திங்கட்கிழமை, எங்கள் சனம் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடை திறக்கவில்லை. கடைக்காரர் குடும்பத்தோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார் என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. அவர் கூட்டிலிருந்து பெரிய தொகையாகக் கடன் எடுத்திருந்தார் என்பது பின்னேரத்துக்குள் தெரிந்தது. வேறு ஊரென்றால் சனம் வங்கி வாசலில் திரண்டு கதவைத் தட்டியிருக்கும். எங்கள் சனம் அப்படிச் செய்யுமா? காசு கேட்டு நிற்பது எங்களுக்கு மானப்பிரச்சினை. அதிலும் மணேச்சர் அண்ணையிடம். ஆகவே ஆட்கள் வடைப் பொட்டலத்தோடும் தோடம்பழப் பையோடும் அவர் வீட்டுக்குச் சுகம் விசாரிக்கப் போனார்கள். சோபாவில் இருந்து பனியைப் பற்றியும் பிள்ளைகளின் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். கடைக்காரரின் பேரை யாரும் எடுக்கவில்லை. அண்ணி தேத்தண்ணி போட்டே களைத்துப்போனா. பிறகு விடைபெற்று, வாசலுக்கு வந்து, முக்காலியில் இருந்து, சப்பாத்தைப் பார்த்தபடி சொன்னார்கள்:

“அண்ணை, அந்தச் சின்ன விசயம்…”

மணேச்சர் அண்ணை உள்ளே போய்க் கூட்டின் பெட்டியிலிருந்து காசைக் கொண்டுவந்து கொடுத்தார். கேட்ட ஒருவருக்கும் அவர் இல்லையென்று சொல்லவில்லை. அதன் காரணத்தை அண்ணி எனக்குப் பிறகு சொன்னா. ஊரில் இடப்பெயர்வின்போது மேலிடத்துக் கட்டளைப்படி வங்கியைப் பூட்டிவிட்டு, இரும்புக் கதவுக்கு உள்ளே நின்று, வெளியே நின்ற சனத்திடம் இன்றைக்குக் காசில்லை என்று சொன்னவர் இவர். அந்தச் சனத்தில் இவருடைய சொந்தத் தாய்மாமனும் இருந்தாராம். அன்றிலிருந்து அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மணேச்சர் அப்படிச் செய்திருக்கக்கூடாது என்று இன்று எனக்குத் தெரியும்.

மன்னார் அக்கா போய்க் கேட்கமாட்டா என்று எனக்குத் தெரியும். “அவரே தருவார், நாங்கள் போய் நெருக்கக்கூடாது” என்று ஒருநாள் பொத்தான்களை எண்ணியபடி சொன்னா. நானும் ஓம் என்று தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே மனதுக்குள் வேறு கணக்குப் போட்டேன். பெட்டியில் இருப்பது எல்லோருக்கும் காணாது. முந்துகிறவருக்குக் கிடைக்கும். அந்த வெள்ளிக்கிழமை தேத்தண்ணி குடிக்கும்போது, போகிற போக்கில் கேட்பதுபோல அக்காவிடம் கேட்டேன்.

“அக்கா, ஞாயிற்றுக்கிழமைப் பூசை எத்தினை மணிக்கு முடியும்?”

அவ என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, “பன்னிரண்டாகும்” என்றா. வேறொன்றும் கேட்கவில்லை. இத்தனை நாள் ஒன்றாயிருந்தும் நான் பூசை நேரம் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை அவ பூசைக்குப் புறப்பட்டதும் நான் அரை டசின் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு மணேச்சர் அண்ணை வீட்டுக்குப் போனேன். வெளிப்படிக்கட்டு முழுவதும் ஐஸ். பயத்தோடுதான் ஏறினேன், வழுக்கிவிடுமோ என்றல்ல, யாராவது கண்டுவிடுவார்களோ என்று. சுகம் விசாரித்தேன், தேத்தண்ணி குடித்தேன், பனியைத் திட்டினேன். பிறகு முக்காலியில் இருந்தேன். என் இடது சப்பாத்தின் சிப் பாதியில் இறுகி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே அந்த வசனத்தைச் சொன்னேன். என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

“விளங்குது பிள்ளை. இரும்” என்று உள்ளே போனவர் உடனே திரும்பி வந்தார். கையில் மண்ணிற உறை. மேலே என் பெயர் நீலப் பேனாவால் எழுதியிருந்தது. உள்ளே முழுக் காசு. முன்கூட்டியே எண்ணிக் கட்டி வைத்திருக்கிறாரே, மணேச்சர் என்றால் சும்மாவா என்று மெச்சிக்கொண்டே இறங்கினேன். பன்னிரண்டரைக்கு அக்கா வந்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியிருந்ததற்கு அது வசதியாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து மணேச்சர் அண்ணை கோயிலடி மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். நாற்பது குடும்பமும் வந்திருந்தது. அவர் எழும்பி, பெட்டியில் ஒன்றும் இல்லை என்றார். “கேட்டவைக்குக் குடுத்தன். கேக்காதவையின்ர காசையும் எடுத்துத்தான் குடுத்தன். அது என்ர பிழை.” யார் யாருக்குக் கொடுத்தார் என்று பெயர் சொல்லவில்லை. மண்டபத்தில் எல்லோரும் ஒரே மாதிரித் தலை குனிந்திருந்தார்கள். காசு எடுத்தவர் யார், இழந்தவர் யார் என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அக்கா எழும்பி, “எனக்கு அவசரமில்லை அண்ணை, மற்றவையைப் பாருங்கோ” என்றா. நான் அவவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் அவர் உண்மையான மணேச்சராக மாறினார். கடைக்காரரை ரொறன்ரோவில் தேடிப் பிடித்து, கடையின் சாவியை வாங்கிக்கொண்டு வந்தார். காசு அந்த மனிதரிடமும் இருக்கவில்லை. குளிர்பெட்டி, இறைச்சி வெட்டுகிற மெசின், தராசு எல்லாவற்றையும் விற்றார். தன் பழைய காரையும் விற்றுக் கூட்டுக் கணக்கில் சேர்த்தார். அதன்பின் வருடக்கணக்காக ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில்தான் போனார். ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை, மற்றவர்களுக்கு டொலருக்கு முப்பத்தொரு சதம் என்று கணக்கு வந்தது. அதிலும் ஒரு பகுதி காசாக வரவில்லை. விற்காமல் கிடந்த குத்தரிசி மூட்டையையும் மீன் ரின்னையும் விலை போட்டுப் பங்கிட்டார், ஒரு ரின் கூடக் குறைய விடாமல், சிவப்புப் பேனாவால் கையெழுத்து வாங்கிக்கொண்டு. அந்த வருடம் பார்க் எக்ஸ்டென்ஷன் முழுவதும் ஒரே குத்தரிசிச் சோறு. கலியாண வீடுகளிலும் அதுதான் என்று சனம் சிரித்தது. சிரிக்காமல் வேறென்ன செய்வது?

அக்காவின் பங்கில் இருபத்துநாலு மீன் ரின் வந்தது. அவ அதைத் தக்காளி போட்டுக் குழம்பு வைத்தா. இரண்டு பேருக்கும் வைத்தா. நான் சாப்பிட்டேன். இருபத்துநாலு தடவை சாப்பிட்டேன், ஒவ்வொரு தடவையும் நல்லாயிருக்கு அக்கா என்றேன். இன்றைக்கும் எனக்கு ரின் மீன் தொண்டையில் இறங்காது. என் தம்பி அந்த வசந்தகாலமே வந்து சேர்ந்தான். விமான நிலையத்துக்கு என்னோடு வந்து அவனுக்குக் குளிர்ச் சட்டை போட்டுவிட்டது அக்காதான். அவவின் மகள் வர இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. தாயை விட்டு வளர்ந்துவிட்ட பிள்ளை, முதல் ஆறு மாதம் அக்காவை அம்மா என்று கூப்பிடாமல் நீங்கள் என்றுதான் கதைத்தாள்.

பின்னாளில் நான் பிரெஞ்சு படித்து, வங்குரோத்தானவர்களின் சொத்தைப் பிரித்துக் கடன் தீர்க்கும் ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். என்னை அங்கே கொண்டுபோய் விட்ட விதியை என்ன சொல்ல? அந்த வேலையில் ஒரு சட்ட விதியைக் கற்றேன். முறிவதற்குச் சற்று முன்னால் ஒருவருக்கு மட்டும் முழுக் காசு கொடுபட்டிருந்தால், அதைத் திருப்பி வாங்கி எல்லோருக்கும் பங்கிடலாம். அப்படியான ஒவ்வொரு கோப்பையும் கையில் எடுக்கும்போது எனக்கு அந்த மண்ணிற உறைதான் ஞாபகம் வரும். என் பங்குக்கு மேலாக நான் எடுத்த மிகுதியை எத்தனையோ தரம் கணக்குப் பார்த்தேன். ஆயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு டொலர். அந்தத் தொகை எப்போதோ என் கையில் சேர்ந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் உண்மையைச் சொல்லிக் கொடுக்கிற வாய்தான் இருக்கவில்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் அக்கா கேக் கொண்டுவந்து தந்தா, நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு, போன மாரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புரோசார்ட்டுக்குப் போனேன். மணேச்சர் அண்ணை இப்போது மகன் வீட்டில். எண்பது தாண்டிவிட்டது, அண்ணி போய்விட்டா, காது மந்தம். புத்தி மட்டும் தெளிவு. சட்டைப் பையில் அதே இரண்டு பேனா. பளபளக்கும் அந்தப் பெரிய வீட்டு வாசலில், விலை கூடின சப்பாத்து அடுக்குக்குப் பக்கத்தில், அதே முக்காலி. எறியப்போன மருமகளோடு சண்டை பிடித்து வைத்திருக்கிறாராம். தேத்தண்ணி குடித்தோம், பனியைப் பற்றிக் கதைத்தோம். எழும்பி வந்து முக்காலியில் இருந்தேன். சப்பாத்துக்குள் காலை விட்டேன்.

“அண்ணை, அந்தச் சின்ன விசயம்…”

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். நான் பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினேன். மன்னார் அக்காவுக்குச் சேர வேண்டியது, நீங்கள்தான் கூட்டைத் தீர்த்தவர், நீங்களே கொடுக்க வேண்டும், நான் அவ இல்லாத நேரம் பார்த்து வந்து வாங்கினவள் என்று எல்லாவற்றையும் அவருடைய காதுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். உள்ளே மருமகளுக்கும் கேட்டிருக்கும்.

அவர் உறையைத் தொடவில்லை. “அவ உமக்குச் சொல்லேல்லையே?” என்றார்.

“என்னத்தை?”

“நீர் வாறதுக்கு முதல் நாள் அவ வந்தவ. சனிக்கிழமை. இதே முக்காலியிலதான் இருந்தவ. தன்ர காசு கேக்கப்போறா எண்டு நான் எண்ணிக்கொண்டு நிண்டன். அவ சொன்னா, நாளைக்குத் தங்கச்சி வருவா அண்ணை, இல்லையெண்டு சொல்லிப்போடாதேங்கோ, என்ர பிள்ளை சிஸ்டர்மாரோட இருக்கிறாள், அந்தப் பெடியன் லொட்ஜில கிடக்கிறான் எண்டு. அண்டைக்கு அவவுக்குக் குடுக்கப் பெட்டியில காசு இருந்தது. அதைத்தான் உம்மட பேரில உறையில போட்டு வைச்சனான்.”

பூசை எப்போது முடியும் என்று சைவக்காரி ஒருத்தி கேட்டபோதே அவ எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டிருக்கிறா. விளங்கிக்கொண்டு, பன்னிரண்டு மணி என்று சரியான நேரத்தையும் சொல்லி, நான் வழுக்காமல் போய்வர விட்டிருக்கிறா. இருபத்துநாலு தடவை மீன் குழம்பு ஊற்றியபோதும் அவவுக்குத் தெரியும். இத்தனை வருடமும் என் வெட்கத்தை நான் ஒளித்ததாக நினைத்திருந்தேன், அவவல்லவா ஒளித்து வைத்திருக்கிறா. அந்த முக்காலியில் இருந்தபடி நான் வாய்விட்டு அழுதேன். மணேச்சர் அண்ணை, சிறு பிள்ளைக்குச் செய்வதுபோல, குனிய முடியாமல் குனிந்து என் சப்பாத்துச் சிப்பை மேலே இழுத்துவிட்டார்.

“இதை நான் வாங்கேலாது பிள்ளை. கூட்டுக் கணக்கு முடிஞ்சுது. இது உங்கட ரெண்டு பேரின்ர கணக்கு.”

அக்கா இப்போது கோட்-டெ-நெய்ஜில் தனியாக இருக்கிறா. முழங்கால் நோவு, ஆனாலும் ஞாயிறு பூசை தவறாது. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. பஸ்ஸும் மெற்றோவும் பிடித்தால் அவ வீட்டுக்கு வந்து சேருகிற நேரத்துக்கு அந்த வாசலில் நிற்கலாம். அன்றைக்கு அவ பூசையில் இருக்கிற நேரம் பார்த்து இந்த முக்காலிக்கு வந்தவள் நான். இன்றைக்குப் பூசை முடிகிற நேரம் பார்த்து அதிலிருந்து எழும்பினேன்.