கிழவிக்கு ரெண்டு தட்டு

எங்கள் ஆய்வகத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்பவரைக் கூண்டண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருடமாகக் கூண்டு கழுவுகிறார், மரத்தூள் மாற்றுகிறார். மறதி நோய் வருவதற்காகவே மரபணுவை மாற்றி வளர்த்த எலிகள் அவை. வயது ஏற ஏற வழி மறந்துபோகும்.

பதினேழாம் எண் எலிக்கு அவர் வைத்த பெயர் கிழவி.

"என்னடி, இன்னைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டேதான் பால் இருக்கும் மூலையைத் தேடிப் போகவேண்டிய, திருப்பங்கள் நிறைந்த ஓடுதளத்தில் விடுவார்.

கிழவியின் ஹிப்போகாம்பஸில், அதாவது மூளையின் நினைவுப் பகுதியில், மயிரிழை போன்ற கம்பிகள் வைத்திருந்தோம். நல்ல எலிக்கு ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்துக்கான நியூரான் துடிக்கும். ஓடும்போது மூளை அலை தாளம் தப்பாது. கிழவிக்கு நியூரான்கள் கண்ட இடத்தில் துடித்தன, தாளமும் நொண்டியது. ஆனாலும் பால் இருக்கும் மூலைக்கு நேராகப் போய்விடுவாள்! எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மூன்று நாள் தொடர்ந்து தவறினால் எலியைக் கொன்று மூளையை எடுப்பது எங்கள் விதி. தவறாததால் கிழவி பிழைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் வீடியோவைச் சத்தத்தோடு போட்டுப் பார்த்தேன். திருப்பம் வரும்போதெல்லாம் டொக், டொக். மேசை மேல் ஒரு விரல்.

"அண்ணே, நீங்களா?"

"நான்தான் பாப்பா. சாப்பாடு வைக்கறப்ப ரெண்டு தட்டு தட்டுவேன். அந்தச் சத்தத்துக்கு வந்துடும். வழி தெரியாம நின்னா இங்கயும் தட்டிடுவேன்."

"எட்டு மாச டேட்டா அண்ணே! எல்லாம் போச்சு!"

அவர் தலைகுனிந்தார். "வீட்ல என் சம்சாரத்துக்கும் இதே மறதிதான். அவளுக்கும் இப்படித்தான் செஞ்சேன். டாக்டர் கேள்வி கேட்டா, பின்னால நின்னு வாயசைப்பேன். பாத்துச் சொல்லிடுவா. பாஸாயிட்டாளேன்னு எனக்கொரு சந்தோஷம்." சிரிக்கப் பார்த்தார். "போன வாரம், 'இந்த ஆளு எதுக்கு வாய மெல்றாரு'ன்னு டாக்டர்கிட்டயே கேட்டுட்டா."

ஆனாலும் ஆய்வகத்தின் தலைவரான மேடத்திடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் திட்டவில்லை. தட்டாமல் மூன்று நாள் ஓடவிடச் சொன்னார், அவ்வளவுதான்.

மூன்று நாளும் அண்ணன் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டபடி நின்றார். மூன்று நாளும் கிழவி நடுவழியில் நின்று, அவர் பக்கமே பார்த்தாள்.

"நானே தூக்கிட்டு வரேன் பாப்பா" என்றார் நான்காம் நாள். அறுவை அறை வாசலில் நின்று, கூண்டின் மூடியில் ரெண்டு தட்டு தட்டினார்.

கிழவி ஓடிவந்தாள்.