அண்ணனைச் சுற்றி ஒரு கறுப்புக் கட்டம்

எங்கள் ஊருக்கு ஓர் இணையதளம் உண்டு. திருப்பனந்தாளில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டிய சின்ன ஊர்தான். ஆனால் ஊர்க்காரர்கள் சிங்கப்பூர், துபாய், திருப்பூர் என்று சிதறிக் கிடக்கிறோம். யார் வீட்டில் விசேஷம், யார் வீட்டில் சாவு, வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்த்ததா இல்லையா, எல்லாம் அதில் வந்துவிடும். அதைத் தொடங்கியவன் நான். கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். என் பெயருக்குப் பக்கத்தில் 'நிர்வாகி' என்று நானே போட்டுக்கொண்டேன். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. இப்போது அந்த வார்த்தை கண்ணில் பட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

தளத்தில் எழுதுகிறவர்கள் சதுர அடைப்புக்குள் ஒரு குறியைத் தட்டினால் எழுத்தின் தோற்றம் மாறும். 'பெரிசு' என்று போட்டால் பெரிய எழுத்து. 'மஞ்சள்' என்று போட்டால் செய்தியைச் சுற்றி மஞ்சள் கட்டம், 'கறுப்பு' என்றால் கறுப்புக் கட்டம். எதற்கு எது என்று நான் யாருக்கும் சொல்லித் தரவில்லை. கல்யாணப் பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவுகிற ஊருக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? நல்லதுக்கு மஞ்சள், கெட்டதுக்குக் கறுப்பு என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். அப்புறம் எங்கள் ஊரில் யாரும் செய்தியைத் திறந்து படித்ததாக எனக்கு நினைவில்லை. முகப்பில் கட்டத்தின் நிறத்தையும் உள்ளே இருக்கும் முகத்தையும் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மஞ்சளாக இருந்தால் தேதியைக் கேட்டு போன் வரும். கறுப்பாக இருந்தால் "எப்ப எடுக்கிறாங்க?" என்று வரும்.

கறுப்புக் கட்டத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. முதல் இரங்கல் நிர்வாகியிடமிருந்து வரவேண்டும் என்று ஊரில் ஓர் எதிர்பார்ப்பு. ஒரு சாவுக்கு நான் எழுதத் தாமதமாகி, அந்த வீட்டார் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எதற்கு வம்பு என்று, கறுப்புக் கட்டம் விழுந்தாலே 'ஆழ்ந்த இரங்கல். குடும்பத்தாருக்கு என் ஆறுதல்' என்று என் பெயரில், என் படத்தோடு தானாகப் பதிவாகும்படி செய்துவைத்தேன். இது ஒருவருக்கும் தெரியாது. "எவ்வளவு வேலையிருந்தாலும் மொத ஆளா வந்து நிக்கிறாரே" என்று பாராட்டுவார்கள். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொள்வேன். எழுதும்போதே கூசுகிறது.

பழைய மென்பொருள் காலாவதியாகிவிட்டதால் போன வருஷம் புதிதுக்கு மாற வேண்டியிருந்தது. புதிதில் குறிகள் கொஞ்சம்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் சந்தோஷம். தளம் திருவிழாக் கடைத்தெரு மாதிரி இருக்கிறதே என்று ரொம்ப நாளாக எரிச்சல். மஞ்சளையும் கறுப்பையும் தூக்கிவிட்டு 'கட்டம்' என்று ஒன்றே ஒன்றை வைத்தேன். மெல்லிய கறுப்புக் கோடு, பார்க்க நாகரிகமாக இருந்தது. பழைய குறி எதைத் தட்டினாலும் அது இந்தக் கட்டமாக மாறிவிடும். தானாக விழும் இரங்கலையும் அப்படியே எடுத்து இந்தக் கட்டத்தோடு கட்டிவிட்டேன். நல்ல செய்தியும் இதே கட்டத்துக்குள்தான் வரப்போகிறது என்று அந்த நேரத்தில் உறைக்கவேயில்லை. 'ஆதரிக்கப்படும் குறிகளில் மாற்றங்கள்' என்று தலைப்புப் போட்டு ஓர் அறிவிப்பும் எழுதினேன். அப்படித் தலைப்புப் போட்டால் யார் படிப்பார்கள்? நானே படிக்கமாட்டேன்.

ஒரே ஒருவர் படித்தார். மாதா கோயில் தெருவிலிருக்கும் டீச்சர். போன் பண்ணி, "தம்பி, மஞ்சளை எடுத்துட்டீங்களே, நல்ல காரியத்துக்கு ஜனங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். "நிறத்துல என்னங்க டீச்சர் இருக்கு? நீங்களே இதெல்லாம் நம்பலாமா?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நான் நம்புறது இருக்கட்டும், ஊரு பாக்குமே" என்றார். அலுவலகத்தில் கூப்பிடுகிறார்கள் என்று பொய் சொல்லி போனை வைத்துவிட்டேன்.

என் அண்ணனுக்கு அறுபது நெருங்கியிருந்தது. அதற்கு முந்தின வருஷம் தஞ்சாவூரில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஆள் பிழைத்து வந்தால் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துவைப்பதாக அண்ணி வேண்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அப்பா போன பிறகு அண்ணன் ஊரார் நடவுக்கும் அறுப்புக்கும் போனதால்தான் நான் காலேஜ் பெஞ்சில் உட்கார முடிந்தது. ஆகவே அந்தக் கல்யாணத்தில் எனக்கும் பொறுப்பு உண்டு. "தளத்துல போட்டுடுங்க தம்பி" என்று அண்ணி கேட்டபோது, "நீங்களே போடலாமே அண்ணி, ரொம்ப சுலபம்" என்றேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

தளம் மாறிய பிறகு வந்த முதல் நல்ல செய்தியாக அண்ணி அதைப் போட்டார். கும்பகோணம் ஸ்டுடியோவில் இருவரும் சேர்ந்து எடுத்த படத்தை ஏற்றினார். வழக்கம்போல 'மஞ்சள்' என்று தட்டிவிட்டு, எப்படி வந்திருக்கிறது என்று பார்க்காமல் சமையலுக்குப் போய்விட்டார். புதிய மென்பொருள் படத்தைச் சதுரமாக வெட்டும். வெட்டியதில் அண்ணி போய்விட்டார், அண்ணன் மட்டும் நின்றார். அவரைச் சுற்றி கறுப்புக் கட்டம். கீழே முதல் ஆளாகத் தம்பியின் ஆழ்ந்த இரங்கல்.

நான் அப்போது அலுவலகத்தில் போனை அமர்த்தி வைத்துவிட்டு ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் காலையிலேயே மண்வெட்டியோடு வயலுக்குப் போயிருந்தார். அவர் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அண்ணிக்கு முதல் அழைப்பு சிங்கப்பூரிலிருந்து. எடுத்ததும் அழுகை. "என்னங்க சொல்றீங்க, அவரு வயலுக்குல்ல போயிருக்காரு" என்றிருக்கிறார் அண்ணி. அடுத்த அழைப்பு, அதற்கடுத்தது. "உங்க கொழுந்தனாரே போட்டிருக்காரே, இன்னும் உங்களுக்குச் சொல்லலையா?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். என்னை அழைத்துப் பார்த்தார், நான் எடுக்கவில்லை. நெஞ்சைத் திறந்து தைத்த மனுஷன் வரப்பில் விழுந்துவிட்டார், ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, தன்னிடம் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை என்று அண்ணி நம்பிவிட்டார். செருப்புக்கூட இல்லாமல் வாய்க்கால் கரையோடு ஓடியிருக்கிறார்.

இதை அண்ணன்தான் எனக்குச் சொன்னார், சிரித்துக்கொண்டே. "நான் மடையைத் திறந்துட்டு நிக்கிறேன்டா. இவ வந்து பேசவே இல்ல. என் கையப் புடிச்சுப் பாக்குறா, சூடா இருக்கான்னு. அப்படியே சேத்துல உக்காந்துட்டா."

கட்டத்தை எடுத்தேன், இரங்கலை எடுத்தேன், பெரிய மன்னிப்பு ஒன்று எழுதிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அண்ணி கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அண்ணன் போனில் சொல்லியிருந்தார். நான் அண்ணி முன்னால் உட்கார்ந்து விளக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். பழைய குறிகளுக்குப் புதிய மென்பொருளில் ஆதரவு இல்லை அண்ணி, எல்லாம் ஒரே கட்டமாக மாறும், அந்த இரங்கலை நான் எழுதவில்லை, அது தானாக விழுவது. என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை, பேசிக்கொண்டே போனேன்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம், "சாவு வந்தா தானா விழும். அப்ப எங்க அம்மா செத்தப்ப நீங்க எழுதினீங்களே, அது?" என்றார்.

அவர் அம்மா இறந்தபோது அந்த இரண்டு வரியைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் படித்துக் காட்டினாராம். அண்ணன் அதை முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. "அதுவும் அப்படித்தான் அண்ணி" என்று சொல்லத் தைரியம் வரவில்லை. சொல்லாததே பதிலாகிவிட்டது. "சரி, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று எழுந்து போனார். இலை போட்டு, குழம்பு ஊற்றி, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றும் கேட்டார். தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

கல்யாணத்தை நடத்தத்தான் போகிறோம் என்று பிறகு அண்ணன் சொன்னார். ஆனால் தளத்தில் ஒரு வரி போடக்கூடாது, வீடு வீடாகப் போய்த்தான் அழைப்பது என்று அண்ணி முடிவு செய்திருந்தார். அண்ணனையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வீட்டிலும் அவரை முன்னால் நிறுத்தி, காபி குடிக்கவைத்து, ஆள் இருக்கிறார் என்று எல்லோரும் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வீடு. நான் கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கவேண்டியவன் தம்பிதானே. "வேணாங்க தம்பி, உங்களுக்கு வேலை இருக்கும்" என்றார் அண்ணி.

ஒரு சாயங்காலம் கும்பகோணத்தில் என் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணனும் அண்ணியும் இறங்கினார்கள். சும்மா எங்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து என் மனைவி காபி போட ஓடினாள். அண்ணி உட்காரவில்லை. பையிலிருந்து தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, பத்திரிகையை மேலே வைத்தார். எங்கள் பக்கம் கூடப்பிறந்தவனுக்குத் தட்டு வைத்து அழைக்கிற வழக்கம் கிடையாது. அவன் அழைக்கிற வீட்டுக்காரன். எதற்கும் சிரிக்கிற அண்ணன் அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"திருக்கடையூர்ல வச்சிருக்கோங்க" என்றார் அண்ணி. "அவசியம் குடும்பத்தோட வந்துடுங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.