ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

பணம் ஒதுக்கி, பெயர்ப்பலகை திறந்து, எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு, "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று போய் நிற்பதுதான் எங்கள் தொழில். கல்யாணம் முடிந்த வீட்டில் நுழைந்து, "சந்தோஷமாக இருக்கிறீர்களா, ஆதாரம் உண்டா?" என்று விசாரிப்பது போன்ற வேலை. தொண்டு நிறுவனங்களில் இதே பிழைப்பு நடத்தும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சொட்டுநீர்

என் சொந்த ஊரான வடகரப்பதிப் பக்கம் ஓர் அண்ணன் தம்பி. இருவருக்கும் பொதுக் கிணறு. தண்ணீர் முறைக்காக ஓயாத சண்டை. எங்கள் நிறுவனம் இரண்டு தோட்டத்துக்கும் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுத்தது. பயன் கேட்கப் போனேன். தண்ணீர் மிச்சம், களை குறைவு, சண்டை இல்லை என்று தம்பி அடுக்கிக்கொண்டே போனார். இப்படி வாய் நிறையச் சொல்பவர் கிடைப்பது அபூர்வம் என்பதால் நானும் குஷியாக எழுதிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அண்ணன் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, முன்னெல்லாம் சண்டை போடறதுக்காச்சும் அண்ணன் எங்கூட்டுக்கு வருவாருங்க. இப்பச் சண்டையுமில்லீங்க, பேச்சுமில்லீங்க. இத எந்தப் பக்கம் எழுதுவீங்க?"

யானை லைட்டு

அங்கிருந்து என்னைத் தேவிகுளத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு ஏறும் பாதை தொடங்கும் பஸ் நிறுத்தத்தில், கம்பம் நட்டு மஞ்சள் விளக்கு மாட்டியிருந்தோம். பக்கத்தில் யானை நடமாட்டம் தெரிந்தால் தோட்டக் காவலர் மாடசாமி போனில் ஒரு பொத்தானை அழுத்துவார், விளக்கு எரியும். எரிந்தால் மேலிருந்து யாரும் பாதையில் இறங்குவதில்லை, பஸ்ஸிலிருந்தும் யாரும் அங்கே இறங்குவதில்லை. அடுத்த நிறுத்தமான ஃபேக்டரியில் இறங்கி, விளக்கு அணையும்வரை அங்கேயே காத்திருப்பார்கள்.

பயன் கேட்கப் பெண்களைக் கூட்டினேன். கொழுந்து பறிக்கும் முத்துமாரி கதவைச் சாத்திவிட்டு வந்து என் காதருகே குனிந்தாள். "மேடம், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அத சும்மா போட்டுவிடச் சொல்லுங்க. காட்டு ஆன வராட்டியும் பரவால்ல, எங்க வீட்டு ஆன பிராந்திக் கடைக்கு எறங்காது!"

மேலாளர் வருகை

சிரித்து முடிப்பதற்குள் கொச்சியிலிருந்து எங்கள் மேலாளர் வந்து சேர்ந்தார். பொல்லாதவர் இல்லை, ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதவர், அவ்வளவுதான். விளக்கு வந்த பிறகு யானையால் எந்த அசம்பாவிதமும் நடக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அதுதான் வினையாகப் போயிற்று. "ஒரு சம்பவம்கூட இல்லல்லோ! பின்னே இந்த லைட்டின்டெ பயன் எந்தா?" என்றவர், விளக்கை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிடலாம் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நடக்காததை நான் எங்கே போய் எண்ணுவேன்?

முத்துமாரியின் மகள் அபிநயா பிளஸ் டூ படிக்கிறாள். மூணாறிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து, இருட்டில் தேயிலைக்கு நடுவே ஏறி வருபவள். கேட்டுக்கொண்டிருந்த முத்துமாரி மேலாளரிடம் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "லைட்ட எடுத்தீங்கன்னா எம்மவ படிப்ப நிறுத்திருவேன் சார். ஆன நிக்குற வழியில புள்ளய விட்டுட்டு, மார்க்கு எங்கன்னு கேக்க எனக்கு மனசு வராது."

சம்பவம்

மேலாளர் பொழுது சாயும் நேரத்தில் மேலே கார் ஏறாது என்று நான் சொன்னதால் பஸ் நிறுத்தத்தில் விட்டிருந்த தன் காருக்குப் புறப்பட்டார். மேலிருந்து பார்த்தால், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் ஏற்பாடு செய்த நாடகம் என்று நினைத்துவிட்டார் போல. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரண்டு எட்டு வைத்தார். மாடசாமி குறுக்கே நின்று தடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் முத்துமாரி வீட்டில் உட்கார்ந்து பாலில்லாத கட்டஞ்சாயா குடித்தார். முத்துமாரி போனைக் கையிலிருந்து இறக்கவே இல்லை. "ஃபேக்டரியில எறங்கிட்டேம்மா" என்று மகள் சொன்ன பிறகுதான் எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது.

விளக்கு அணைந்ததும் இறங்கிப் போனோம். காரின் பக்கக் கண்ணாடி இரண்டும் தரையில் கிடந்தன. பானெட்டில் பெரிய பள்ளம். பக்கத்தில் ஆவி பறக்கும் யானை லத்தி. மேலாளர் குனிந்து ஒரு கண்ணாடியைக் கையில் எடுத்தார். அந்த நேரத்தில் ஃபேக்டரிப் பக்கமிருந்து அபிநயா புத்தகப் பையோடு நடந்து வந்து, "என்னம்மா இவ்வளவு கூட்டம்?" என்றாள். முத்துமாரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மேலாளரிடம் மரியாதையாகக் கேட்டாள்: "சார், இது சம்பவத்துல சேருமா, இல்ல இன்னும் பெருசா வேணுமா?"

விளக்கு அதே இடத்தில்தான் இருக்கிறது, அபிநயாவும் பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு திட்டத்தின் பயனை மேலிடத்துக்குப் புரிய வைக்க எத்தனையோ வழிமுறை இருக்கலாம், என் அனுபவத்தில் மேலிடத்துக் காரை எங்கே நிறுத்தச் சொல்கிறோம் என்பதுதான் முக்கியம்.