பசியோடு ருசி பார்த்தவர்

திருப்பதியிலிருந்து சித்தூர் வரும் பஸ் பாகாலாவைத் தாண்டியபோது ஹேமா போன் செய்தாள். "சார், நைனா போய்ட்டாரு. காலையில எழுப்பனேன், எழுந்துக்கல." எங்கள் மாங்கூழ் ஆலையில் பதினாறு பருவங்கள் ருசி பார்த்த முனிரத்தினம் அவர்கள் காலமான செய்தி அவர் மகள் வாயால் இப்படித்தான் வந்தது. எனக்கு அழுகைக்கு முன்னால் வெட்கம் வந்தது. அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மிகப் பெருத்த உடம்பு. ஒவ்வொரு தொட்டிக் கூழிலும் ஒரு ஸ்பூன் வாயில் வைத்து, நாக்கில் உருட்டி, வாளியில் துப்புவது அவர் வேலை. விழுங்கினால் அடுத்த தொட்டியின் ருசி பிடிபடாது. "இதுல பழுக்காத காய் கலந்துகீது சார்" என்பார். கெமிஸ்டான என்னுடைய கருவி அதை அரைமணி கழித்துத்தான் சொல்லும்.

மூன்று பருவங்களுக்கு முன் கூழ் அளவு குறைந்துகொண்டே வந்தது. யாரோ குடிக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும் எல்லார் கண்ணும் அவர் வயிற்றின்மேல் போனது, என் கண்ணும்தான். பழக்கூடை நிறுக்கும் எடை மேடையில் காலையும் மாலையும் அவரை ஏற்றினேன், அத்தனை பேர் முன்னால். மாலையில் எடை இறங்கியிருந்தது. "வேர்த்துக் கொறஞ்சிகீறேன் சார்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அப்படியும் நம்பாமல் அவரை லாரி இறக்கும் இடத்துக்கு மாற்றினேன். ஒரு வால்வில் கூழ் ஒழுகியது பத்து நாள் கழித்துத் தெரிந்தது. திரும்ப அழைத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை, பாவி.

போன வருஷம் முழங்கால் வலிக்காகத் திருப்பதி போனவருக்கு, உடம்பின் பருமனைப் பார்த்து டாக்டர் மரபணுச் சோதனை எழுதிக்கொடுத்தார். அதன் முடிவு வந்த காகிதத்தை முனிரத்தினம் என்னிடம் நீட்டினார். "நீங்க என்சைம் படிச்சவரு. இன்னா எழுதிகீதுன்னு சொல்லுங்க."

வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் உருவாக, ஒரு என்சைம் அதன் மூலப்பொருளை வெட்டித்தர வேண்டும். அவர் மரபணுவில் இருந்த மாற்றத்தால் அந்த என்சைம் மந்தம். பருமனாகும் வாய்ப்பு அதனால் கூடலாம். அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. இதைத்தான் சொன்னேன்.

"அப்ப என் பசி பொய் இல்ல?"

"இல்லண்ணே."

"பொறந்ததுலேர்ந்து பசி சார். ஆனா இங்க ஒரு மொடக்குகூட முழுங்கல. அத நம்ம ஜனங்ககிட்ட உங்க வாயால ஒருக்கா சொல்லிடுங்க. எம்பொண்ணுக்கும் இதே ஒடம்பு. அவளும் இங்கதான் வேலைக்கு வரப்போறா."

சாறு தெளிய நாங்கள் சேர்க்கும் என்சைம் வீரியமில்லாமல் வந்தால் விற்றவனைத் திட்டுவேனே தவிர, மாம்பழத்தைத் திட்டியதில்லை. அந்த நியாயத்தைக்கூட இந்த மனிதருக்கு நான் கொடுக்கவில்லை. அவ்வளவு பசியை வைத்துக்கொண்டு அவர் எத்தனை ஆயிரம் வாய் துப்பியிருப்பார்! அப்போதும் "சீசன் முடியட்டும்ணே" என்றேன். சீசன் முடிந்தது. சொல்லவில்லை. என் தவறையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்ற பயம்.

நேற்று பாடையைத் தூக்கும்போது ஒருவன் கத்தினான்: "இன்னும் நாலு பேரு வாங்கப்பா, கூழு குடிச்ச ஒடம்பு!"

"குடிக்கல!" என்றேன். "ஒரு சொட்டு குடிக்கல. நான்தான் அவர அநியாயமா சந்தேகப்பட்டேன்."

ஹேமா என்னைப் பார்த்தாள். "நைனா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே சார்."

தோள் கொடுக்கப் போனேன். அவள் தடுக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. போய் வாருங்கள், அண்ணே.