‘பெட்டர்’ என்று எழுதியவர் ஃபெயில்

போர்ட் கிள்ளானில் உள்ள ஒரு கிடங்கு நிறுவனத்தின் மேலாளர் காலையிலேயே போன் செய்தார். நான் தயாரித்துக் கொடுத்த ஆங்கிலத் தேர்வில் ஒரு விடை தவறாம். பெருந்தன்மையோடு அவரே திருத்திவிட்டாராம்.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேலே அறை எடுத்து, நிறுவனங்களுக்குத் தேர்வுத்தாள் தயாரிக்கிறேன். பதவி உயர்வு கேட்கும் ஊழியர்களின் இலக்கணத்தைச் சோதிப்பது என் வேலை. முதலாளிகளின் இலக்கணத்தைச் சோதிக்க இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

கேள்வி இதுதான்: ‘ஆஃப் தி டூ லோரிஸ், திஸ் ஒன் இஸ் தி ____.’ குட், பெட்டர், பெஸ்ட் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒப்பிடுவது இரண்டை என்பதால் பெட்டர்தான் சரி.

“டீச்சர், ‘தி’ வந்துட்டா பெஸ்ட்தானே வரணும்?”

“மூணு இருந்தாத்தான் பெஸ்ட், சார். இங்க ரெண்டு லோரிதானே?”

“எங்க யார்டுல நிறைய லோரி இருக்கு, டீச்சர்.”

இந்த வாதத்துக்குப் போனில் பதில் சொல்ல முடியாது. ரயில் பிடித்து நேரில் போனேன்.

அங்கே போனதும்தான் விஷயம் புரிந்தது. சூப்பர்வைசர் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் தேவி, பல வருஷமாக டிஸ்பாட்ச் கவுண்டரில் லோரிகளை அனுப்பிக்கொண்டிருப்பவர். இன்னொருவர் பிரகாஷ், மேலாளரின் மனைவியுடைய தம்பி. தேவி பெட்டர் என்று எழுதி ஒரு மதிப்பெண் முன்னால் இருந்தார். பிரகாஷ் பெஸ்ட் என்று எழுதியிருந்தார். மேலாளர் விடையைத் திருத்தியதும் மச்சினன் ஒரு மதிப்பெண் முன்னால் வந்துவிட்டார். எல்லாம் தற்செயல்தான்.

தேவியையும் உள்ளே கூப்பிடச் சொன்னேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை இறுகப் பிடித்தபடி வந்து நின்றார்.

“டீச்சர், நான் எழுதினது தப்பா?”

“இல்லம்மா. நீங்க எழுதினதுதான் சரி.”

மேலாளர் சிரித்தார். “சின்ன விஷயம் லா, டீச்சர். ஏன் பெருசு பண்றீங்க?”

“சின்ன விஷயம்தானே சார், அப்ப என் விடையே இருக்கட்டுமே.”

அவர் சிரிப்பு நின்றது. சற்று யோசித்து, அந்தக் கேள்வியையே ரத்து செய்தார். இப்போது இருவரும் சமம். ஆகவே இன்டர்வியூவாம்.

“இன்டர்வியூல யார் உக்காருவா, பாஸ்?” என்று தேவி கேட்டார்.

“நான்தான்.”

“அப்ப நான் வரல.”

குரல் உயரவில்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது. வெளியே வந்ததும், தேவியிடம், வேறு இடத்தில் விண்ணப்பித்தால் என் பெயரைச் சொல்லச் சொன்னேன். சொன்னார். வேறொரு கிடங்கில் இன்று அவர் சூப்பர்வைசர். மேலாளரின் லோரிகள் சில நாள் சரக்கு எடுக்க வந்து தேவியின் கேட்டில்தான் வரிசையில் நிற்கின்றன. நன்றாகவே காத்து நிற்கின்றன என்று கேள்வி.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒப்பீட்டுக் கேள்வி எழுதுவதற்கு முன், அந்த ஆபீசில் யாருக்கு யார் மச்சினன் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். விசாரித்த பிறகு, அதே கேள்வியை வையுங்கள்.