ஐம்பத்தைந்தரைக் கிலோ

இருளாண்டியைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பொறாமையில்லை. அவன் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான். அந்தப் பேச்சை உட்கார்ந்து கேட்கத் தெம்பு கிடையாது.

1986இல் திருச்சுழியில் எங்கள் கபடிக் குழுவுக்கு அவன்தான் கேப்டன். எங்கள் வத்தல் கடையில் மூட்டை தூக்குவான். நான் கடைக்காரர் மகன். களத்தில் இறங்கிவிட்டால் அந்த வித்தியாசத்தை அவன் பார்க்க மாட்டான். அவனும் நானும் கை கோத்து நிற்போம். எதிரணியிலிருந்து பாடி வருகிறவனின் காலை அவன் பிடித்ததும் நான் பாய்ந்து இடுப்பைக் கட்ட வேண்டும். "நீ இருக்கேங்கிற தைரியத்துலதாம்லே நான் கால்ல விழுறேன்" என்பான்.

அந்த வருசம் பாளையம்பட்டியில் ஐம்பத்தைந்து கிலோ போட்டி வைத்தார்கள். ஒவ்வொருவனையும் நிறுத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். நூறு கிராம் கூடினாலும் வெளியேதான். நன்றாக ஆடுகிறவனை மாவட்ட அணிக்கு எடுக்க ஆள் வருவதாகப் பேச்சு. அதில் ஆடிவிட்டால் போலீஸ் வேலைக்கு வழி பிறக்கும் என்று இருளாண்டி நம்பினான்.

அவனையும் என்னையும் சேர்த்து நாலு பேருக்கு எடை கூடுதல். மூன்று நாள் கஞ்சித் தண்ணி மட்டும் என்று முடிவானது. இருளாண்டி வீட்டில் உலை வைப்பதே ஒரு வேளைக்குத்தான். அதையும் விட்டான். சாக்கைப் போர்த்திக்கொண்டு உச்சி வெயிலில் ஓடினான். சாயங்காலம் மூட்டை நிறுக்கிற எங்கள் கடைத் தராசில் எல்லாரையும் ஏற்றி, கம்பியில் குண்டை நகர்த்தி எடை சொல்கிறவன் நான். என்னை மட்டும் யாரும் ஏற்றிப் பார்க்கவில்லை. அப்படி நம்பினார்கள்.

போட்டிக்கு முந்தின நாள் அத்தை மகளுக்குச் சடங்கு. ஒரு வாய் மட்டும் என்று உட்கார்ந்தவன் கறிச்சோறு இரண்டு தரம் வாங்கித் தின்றேன். இதற்குச் சொல்ல என்னிடம் நியாயம் எதுவுமில்லை. கடைக்கு வந்து யாரும் இல்லாத நேரத்தில் தராசில் ஏறினேன். ஐம்பத்தைந்தரை.

சாயங்காலம் இருளாண்டி கேட்டான்.

"நீ எம்புட்டுலே?"

"அம்பத்தி நாலே முக்கா."

"அப்ப சீனிச்சாமிய வர வேண்டாம்னு சொல்லிரவா? அவுக அம்மைக்கு மேலுக்குச் சொகமில்லையாம்."

சீனிச்சாமிதான் எங்களிடம் இருந்த ஒரே மாற்று ஆள். "சொல்லிரு" என்றேன். விடிவதற்குள் குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

முழுசாகக் குறையவில்லை. பாளையம்பட்டித் தராசில் முன்னூறு கிராம் கூடுதல். ஓடினேன், எச்சிலைத் துப்பித் துப்பிப் பார்த்தேன், நேரம் முடிந்துவிட்டது. தராசு தப்பாகக் காட்டுகிறது என்று வெட்கமில்லாமல் சத்தமும் போட்டேன். இருளாண்டி எனக்காகச் சண்டைக்கே போய்விட்டான். "ராம்குமாரு எடையில பொய் சொல்ல மாட்டான்" என்று அவன் கத்தியது கூட்டத்துக்கே கேட்டது.

ஆறு பேராக இறங்கினார்கள். இரண்டாவது பாதியில் பாடி வந்தவனின் காலை இருளாண்டி பிடித்தான். நான் நிற்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. வந்தவன் திமிறி, இருளாண்டியின் முழங்கால் மேலேயே விழுந்தான். நான் கோட்டுக்கு வெளியே நின்று அதைப் பார்த்தேன்.

அந்தக் கால் அப்புறம் சரியாக மடங்கவேயில்லை. ஆட்டமும் போச்சு, மூட்டை தூக்குகிற பிழைப்பும் போச்சு. நரிக்குடி ரோட்டில் சைக்கிள் கடை போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினான். நான் அப்பாவின் கடையில் உட்கார்ந்தேன். அவன் கடையைத் தாண்டும்போதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன்.

1997இல் அவனே பயல்களைச் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தான். "எடைப் போட்டி வருது. தராசத் தூக்கிட்டு நீயே வந்து நிறுத்துக் குடு" என்று சொல்லி அனுப்பினான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பத்துப் பயல்கள் ஒட்டிய வயிற்றோடு வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவனைக் கூப்பிட்டேன். அவன் நகரவில்லை.

"நிறுக்கிறவுக மொதல்ல ஏறணும்ணே. இது இருளாண்டி அண்ணன் வச்ச சட்டம்."

இருளாண்டி காலை இழுத்துக்கொண்டு தராசுப் பக்கம் வந்தான். "ஏறுலே."

ஏறினேன். அவனுக்கு எல்லாம் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் குண்டை நிதானமாக நகர்த்தி, பயல்களுக்குக் கேட்கும்படி "எழுவத்திரெண்டு" என்றான்.

"அன்னைக்கு அம்பத்தஞ்சரைலே" என்றேன். "கறிச்சோறு தின்னுருந்தேன். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

பயல்கள் என்னையே பார்த்தார்கள். இருளாண்டி குண்டைப் பழைய இடத்துக்குத் தள்ளினான்.

"சரி, எறங்கு. பயலுக பசியோட நிக்காங்க."